துப்புக்கெட்ட ஊர்

பெங்களூரில் ஒருவர் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டால், அடைத்தது போக மிச்சத்தைக் கோலார்க்காரரும் ஓசூர்க்காரரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காவிரியில் நல்ல தண்ணீர் கேட்டுப் பாருங்கள்: நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், மேலாண்மை ஆணையம், பந்த், எரியும் பஸ். சாக்கடை அப்படியில்லை. கேட்காமலே வரும். டிஎம்சி கணக்கு கிடையாது. மழை பொய்த்த வருஷத்திலும் ஒரு நாள் தவறாது. கர்நாடகம் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தச் சாக்கடையில் என்னென்னவோ இருக்கிறது. இங்கே பேச வந்தது ஒரே ஒரு சரக்கு: பாதரசம். அது எங்கிருந்து வருகிறது என்று தேட ரகசியத் தொழிற்சாலைக்குப் போக வேண்டாம். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ பெயர்ப்பலகையில் பெரிய பல் தொங்கும் ஏதாவது ஒரு மாடிப்படி ஏறினால் போதும்.

பழைய அடைப்பு கறுத்துப்போய் ஓரம் விட்டிருக்கிறது. மருத்துவர் டிரில்லை வைக்கிறார். வாய்க்குள் சாம்பல் நிறத்தில் மாவு பறக்கிறது. உதவிக்கு நிற்கும் பெண் ஒரு குழாயால் அதை உறிஞ்சுகிறார். "வாய் கொப்பளிச்சுத் துப்புங்க சார்." நாற்காலியின் பக்கத்தில் வெள்ளைத் தொட்டி, அதில் தண்ணீர் வட்டமாகச் சுழன்று இறங்குகிறது. அடியில் சின்னச் சல்லடை. கண்ணுக்குத் தெரிகிற துணுக்கு அதில் நிற்கும், மாவு நிற்காது. அது நேராகச் சாக்கடைக் குழாய்க்குப் போய்விடும். சல்லடையில் நின்ற துணுக்கும் ராத்திரி கடை கட்டும்போது குப்பைக்கூடைக்குள் தட்டப்பட்டால், நின்றும் புண்ணியமில்லை.

வெள்ளி அடைப்பு என்று மங்கலமாகப் பெயர் வைத்திருக்கும் அமால்கத்தில் எடைக்குப் பாதி பாதரசம். மீதிப் பாதியைத்தான் வெள்ளி, தகரம், செம்பு எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாதி பாதரசம் இருப்பதைப் பாதரச அடைப்பு என்று சொன்னால் யார் வாயைத் திறப்பார்கள்?

இந்திராநகரில் இந்த வேலையே வேறு மாதிரி நடக்கும். அங்கே பல்லின் நிறத்திலேயே கம்போசிட், நீல விளக்கு, கிளம்பும்போது 'ஸ்மைல் டிசைன்' விளம்பரத் தாள். அமால்கம் ஏழைகளின் உலோகம். மலிவு, உழைக்கும், ஈர வாயிலும் பிடிக்கும். ஆகவே அது பல் மருத்துவக் கல்லூரிகளின் வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. கர்நாடகத்தில் அப்படிப்பட்ட கல்லூரிகள் 40க்கும் மேல்; பெங்களூரு அரசுக் கல்லூரி 1958இல் தொடங்கியது. மாணவர்களுக்கு 'கோட்டா' உண்டு. இத்தனை அடைப்பு முடித்தால்தான் கையெழுத்து. வாசலில் நோயாளி, உள்ளே 'கேஸ்'. அளந்து அடைத்த காப்ஸ்யூல் வருவதற்கு முன்பு பாதரசத்தையும் உலோகப் பொடியையும் கல்வத்தில் அரைத்து, துணியில் முடிந்து விரலால் பிழிவார்கள். வேண்டாத பாதரசம் முத்து முத்தாக உதிரும். அந்த முத்துகளும் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும்?

சரி, இதைத் தடுப்பது பிரம்ம வித்தையா? அரிசி களைகிறவர்களுக்குத் தெரியும், கனமானது அடியில் தங்கும் என்று. அமால்கம் பிரிப்பான் என்கிற கருவியும் அதையேதான் செய்கிறது. நாற்காலியிலிருந்து வரும் தண்ணீரை ஒரு டப்பாவுக்குள் நிறுத்தித் தூளைப் படியவிடுகிறது, அல்லது சுழற்றியோ வடிகட்டியோ பிரிக்கிறது. ஐஎஸ்ஓ 11143 என்ற தரப்படி குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். டப்பா நிறைந்தால் கழற்றி மறுசுழற்சிக்கு அனுப்பலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, பல் மருத்துவமனைகள் ஆண்டுக்கு சுமார் 5.1 டன் பாதரசத்தைச் சாக்கடையில் விடுகின்றன என்று கணக்குப் போட்டு, 2017இல் பிரிப்பானைக் கட்டாயமாக்கியது. ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 800 டாலர் என்றது. டிரம்ப் பதவியேற்ற கையோடு நிறுத்திவைக்கப்பட்ட விதி அது. அதே டிரம்ப் ஆட்சியிலேயே சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. அவருக்கே தப்பாகப் படாதது நமக்கு எங்கே இடிக்கிறதோ! ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் பிரிப்பானைக் கட்டாயமாக்கியது, 2025 முதல் அமால்கத்தையே நிறுத்திவிட்டது.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. மருத்துவமனைத் திரவக் கழிவு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல்: காரஅமிலத் தன்மை, மிதக்கும் திடப்பொருள், எண்ணெய்ப் பிசுக்கு, பிஓடி, சிஓடி. கடைசியில் ஒரு மீன் பரீட்சை. கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரம் கழித்து 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும். பாதரசம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மீனின் உடம்பில் மெதுவாகச் சேர்ந்து, அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் சேர்ந்து, அதைத் தின்ற தாயின் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகிற ஒரு நஞ்சைப் பிடிக்க நாலு நாள் பரீட்சை! பாதரசத்துக்கு அவசரமே கிடையாது ஐயா, அது 97ஆவது மணிக்காகக் காத்திருக்கும்.

அந்த மீனுக்கும் பல் மருத்துவமனையில் வேலையில்லை என்பது அடுத்த கூத்து. பட்டியலெல்லாம் கட்டில் உள்ள மருத்துவமனைகளுக்கு. பல் மருத்துவரிடம் இருப்பது நாற்காலி. சாய்த்தால் கட்டில் மாதிரிதான் ஆகும், ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு நாற்காலி நாற்காலிதான். கட்டில் இல்லாத இடங்கள் தொற்றுள்ள திரவக் கழிவைக் கிருமிநீக்கம் செய்து விட வேண்டும் என்கிறது விதி. கிருமிநீக்கம் என்றால் நம் ஊரில் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச்சிங். அமால்கம் தூளின் மேல் ப்ளீச்சிங்கை ஊற்றினால், கெட்டியாக அடங்கிக் கிடந்த பாதரசம் கரைந்து வெளியே வரும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்க விதி, பல் மருத்துவமனைக் குழாய்களில் குளோரின் வகைத் திரவங்களை ஊற்றக்கூடாது என்கிறது. கிருமியைக் கொல்லப்போய், தூங்குகிற பூதத்தைத் தட்டி எழுப்பி, முகம் கழுவிவிட்டு அனுப்புகிறோம். அதற்கு அனுமதிச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கிறோம்.

பொது விதி ஒன்றும் உண்டு, மறைக்கவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி பொதுச் சாக்கடையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. ஒரு கிராம் பாதரசத்தை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 1,00,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 2024 கோடையில் பெங்களூரு வறண்டபோது 12,000 லிட்டர் டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலை, பக்கத்து ஏரியா என்றால் 1,000 ரூபாய். ஒரு கிராமுக்கு எட்டு டேங்கரும் கொஞ்சமும். குளிக்கத் தண்ணீரில்லாமல் ஜனங்கள் ஜிம்முக்குப் போய்க் குளித்த ஊரில், துப்பலை நீர்க்கச் செய்ய எட்டு டேங்கர்! எந்த அதிகாரி எந்தத் துப்பும் தொட்டிக்கடியில் குப்பி பிடித்து மாதிரி எடுத்தார் என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

யாரைக் கேட்பது? மருத்துவர் விதியில் இல்லை என்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொழிற்சாலைகளே தலைக்கு மேல். குடிநீர் வாரியம் குழாய்க்குள் வந்ததை மட்டும் பார்க்கும். ஏரி வேறு துறை. மாநகராட்சியைக் கேட்கலாம் என்றால் 2025இல் அது ஐந்தாகப் பிரிந்துவிட்டது. கை காட்ட இன்னும் நாலு திசை கிடைத்திருக்கிறது. இவர்களுடைய பொறியியல் திறமைக்கு ஒரு சாட்சி போதும். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை பறந்து வாகனங்களின் மேல் விழுந்தபோது சாலையோரம் வலை கட்டினார்கள். நுரைக்கு வலை! 2018 ஜனவரியில் பெள்ளந்தூர் ஏரிக்கரை பற்றி எரிந்தபோது ராணுவ வீரர்கள் வந்து அணைத்தார்கள். அந்த டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் போட்டது. எந்தச் செயலாளரின் சம்பளத்தில் பிடித்தார்கள்? அபராதம் என்பதும் நுரையை முகத்தில் வாங்கியவர்களின் வரிப்பணம்தானே.

இப்போது தூளோடு பயணம் போவோம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் பெரும்பங்கு கசடில் தங்கும். கசடு காய்ந்ததும் உரம் என்று பெயர் மாறி வயலுக்குப் போகும். மிச்சம் தண்ணீரோடு நடக்கும். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், இரண்டாம் நிலை சுத்திகரிப்போடு நிறுத்திக்கொண்ட நீர், கோலார் ஏரிகளுக்கு என்று 2018இல் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே லட்சுமிசாகரா ஏரியில் நுரை. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் தங்கம் வெட்டித் தந்த மாவட்டம் அது. தங்கம் போனது, சுரங்கம் 2001இல் மூடியது, சயனைடு மேடு மிஞ்சியது. பதிலுக்குத் தலைநகரம் தன் கொப்பளிப்பை அனுப்பிக் கடன் தீர்க்கிறது.

பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குள் அடங்காதது தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை மலையாக எழும்புகிறது. டிவிக்காரர்கள் ஆண்டுதோறும் படம் பிடிக்கிறார்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி, அதனால் கேமரா பிழைக்கிறது, பாதரசம் நுரைக்காது. மறுபக்கம் விருஷபாவதி, நகரத்தின் மேற்குப் பாதியைச் சுமந்துகொண்டு அர்க்காவதியில் சேர்கிறது, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது, அடுத்து ஒகேனக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லை ஃபுளோரைடு கறையாக்குகிறது என்பதற்காக ஜப்பான் கடனில் 1,928 கோடி ரூபாய் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல். நிலத்தடி நீரால் பல் போகிறது என்று ஆற்று நீரைக் கொடுத்தோம். ஆற்றுக்கு மேலே பெங்களூரு உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

பாதரசம் என்ன செய்யும் என்று தமிழனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடியை முஞ்சிக்கல் காயலான் கடையில் கண்டுபிடித்தார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொள்ள 2016 ஆயிற்று. அங்கே திட்ட ஒரு கம்பெனி இருந்தது, பாட்டுக் கட்டிப் பாட ஒரு பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கான நாற்காலிகளிலிருந்து சிட்டிகை சிட்டிகையாகப் போவதை எதிர்த்து யார் பாட்டுக் கட்டுவது? செத்த பிறகும் விடாது. அடைத்த பல்லோடு மின் மயானத்துக்குப் போனால் பாதரசம் புகையாகி உற்றார் தலைமேலேயே சுற்றும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் கையெழுத்திட்டு 2018இல் ஏற்பும் அளித்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 2034க்குள் பல் அமால்கத்தை ஒழிப்பது என்று முடிவெடுத்தன. நம் அதிகாரிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. 2034 வரை பிரிப்பான் எதற்கு, அதுதான் ஒழியப்போகிறதே என்று கோப்பில் எழுதலாம். ஒழிந்த பிறகும் வாயில் ஏற்கனவே இருக்கும் அடைப்பைத் தோண்ட வேண்டும், தோண்டினால் தூள் வரும் என்று யாராவது சொன்னால், அதற்கொரு குழு அமைக்கலாம். குழுத் தலைவர் பதவி ஓய்வு பெற்றவர்களுக்கு.

அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் தந்த ஜப்பானிய ஊர் மினமாட்டாவில், 1959 டிசம்பரில், பாதரசக் கழிவைக் கடலில் விட்டு ஊரை நோயில் தள்ளிய சிஸ்ஸோ கம்பெனி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தது. தலைவர் யோஷியோகா மேடையேறி, சுத்தமாக்கிய தண்ணீர் இதுதான் என்று ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். பாதரசம் கலந்த கழிவு அப்போது அந்த நிலையத்தின் வழியாகப் போகவே இல்லை. முழு மோசடி. ஆனாலும் அந்த மனிதர் ஊரை ஏமாற்ற ஒரு நிலையம் கட்ட வேண்டியிருந்தது, விழா எடுக்க வேண்டியிருந்தது, டம்ளரைத் தூக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் ஏமாற்றுவதற்குக்கூட எவரும் மெனக்கெடவில்லை.