கண்ணாடிக்கு ஒரு நுகத்தடி

1781, இங்கிலாந்தின் பாத் நகரம். யுரேனஸைக் கண்டுபிடித்த சூட்டில் பாட்டு வாத்தியார் வில்லியம் ஹெர்ஷலுக்குத் தலைகால் புரியவில்லை. தொலைநோக்கிக்கு மூன்றடி அகலத்துக்குக் கண்ணாடி வார்க்க வீட்டிலேயே உலை மூட்டிவிட்டார். கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான். சரக்கு செம்பும் வெள்ளீயமும். அச்சுக்குக் குதிரை லத்தி. அதை உரலில் இடித்துச் சலித்தவர் தங்கை கரோலின். நம்மூர் வரட்டிக்காரம்மா பார்த்திருந்தால் “பதம் பத்தலைங்க” என்றிருப்பார். பத்தத்தான் இல்லை. உருகிய உலோகம் தரையில் பாய்ந்தது, பாவுகற்கள் பட்டாசாகச் சிதறின, அண்ணன் தம்பி எடுத்தார்கள் ஓட்டம்.

அடங்கினாரா மனிதர்? மூன்றாம் ஜார்ஜ் ராஜாவிடம் 4,000 பவுன் கறந்து, 40 அடிக் குழாயும் நாலடிக் கண்ணாடியும் செய்தார். முதல் கண்ணாடி அரை டன். தன் கனம் தாங்காமல், மாமனார் படுத்த கயிற்றுக் கட்டிலாகத் தொய்ந்தது. வைத்தியம்? இன்னும் தடிமனாக வார்ப்பது! 1789-ல் ஏறக்குறைய ஒரு டன் கண்ணாடியோடு சனியின் சந்திரன் என்செலடஸைப் பிடித்தார்.

தொய்வு என்றால் கண்ணுக்குத் தெரிகிற தொய்வல்ல. 70 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே படம் கெட ஆரம்பிக்கும்.

ஹெர்ஷல் துரை திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வண்டிக்காரரைக் கேட்டிருக்கலாம். “ஏனுங்க தொரை, ரெண்டு மாட்டுக்கும் பாரம் சமமாப் போகோணும்னா நுகத்தடியை ஆடற மாதிரி விடோணுமுங்க.” டப்ளின்காரர் தாமஸ் கிரப் 1835-ல் அர்மா வானாய்வகத்தின் 15 அங்குலக் கண்ணாடிக்குச் செய்தது இதைத்தான். ஆங்கிலத்தில் அந்த ஏற்பாட்டின் பெயரே குதிரை ஏரில் கட்டும் தடியின் பெயர். இதன் ஒரு வகையில் மூன்று தடி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஆடும் முக்கோணம், ஆக 18 இடத்தில் பாரம் பங்காகிவிடும். 1845-ல் ராஸ் பிரபு தன் ஆறடி, மூன்று டன் அசுரனையும் இப்படித்தான் படுக்கவைத்தார்.

 

நானும் அதே மாதிரி ராசிபுரத்து மொட்டைமாடியில் ஒட்டுப்பலகையை அறுத்து, 12 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடிக்குப் பதினெட்டு முனையையும் ஆடவிட்டேன். பிறகு விழுந்துவிடுமோ என்று பயந்து ஓரத்துக் கிளிப் மூன்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். அம்மாயி குனிந்து நட்சத்திரத்தைப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, சமோசாவாட்டம் மூணு மூலையா இருக்குது?”