சந்தா கட்டியவன் சங்கடம்

மாதம் தவறாமல் சந்தா செலுத்திப் பாட்டுக் கேட்கிற யோக்கியர்களுள் அடியேனும் ஒருவன் என்கிற அகம்பாவம், சென்ற ஞாயிறன்று ஊத்தான் மெலிந்தாங்கைத் தாண்டிப் பாகான் டத்தோவுக்குப் போகிற பாதையில், கைப்பேசியில் முறைப்படி இறக்கி வைத்திருந்த பாட்டுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறம் பூண்டு, ‘இணையத்தில் இணைந்து சந்தாவை உறுதிப்படுத்தவும்’ என்கிற உத்தரவோடு மௌன விரதம் மேற்கொண்டதும் அடியோடு ஒழிந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இணையத்துக்கு நான் எங்கே போவேன்? பின் ஆசனத்திலிருந்த மருமகன், “விடுங்க மாமா” என்று சொல்லி, பசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கிய பென்டிரைவைச் சொருகினான். ஆயிரம் பாட்டு, ஒரு கேள்வி இல்லை.

காசு கொடுத்தவனுக்கே பூட்டுப் போடுகிற இந்த வழக்கம் புதிதல்ல என்பதற்கு மார்க்கர் பேனாவைப் பிரஸ்தாபித்தே ஆகவேண்டும். 2002-இல் செலின் டியானின் இசைவட்டை ஐரோப்பாவில் சோனி நிறுவனம் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்றது; காசு கொடுத்து வாங்கிய ரசிகர்கள் அதை மெக்கின்டாஷ் கணினியில் போட, அது வட்டை விழுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்தது. பூட்டின் ரகசியம், வட்டின் வெளி விளிம்பில் கணினியைக் குழப்பவென்றே எழுதிய பொய்த் தகவல். மகா நிபுணர்கள் கூடி நிர்மாணித்த அந்த விளிம்பின்மேல், நம்மூர்ப் புத்தகக்கடையில் கிடைப்பதும், இளநீர் விலையை அட்டையில் எழுத உதவுவதும், கோவில் அன்னதானப் பாத்திரங்களின் அடியில் உபயகாரர் பெயரைப் பதிப்பதும், மூடி தொலைந்தால் ஒரே இரவில் உலர்ந்துபோவதும், பள்ளியின் கடைசி நாளன்று பையன்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் கையெழுத்திட்டுத் தாயாரிடம் அடிவாங்கக் காரணமாவதுமான சாதாரண மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தால், பூட்டுத் திறந்துகொண்டது!

மறு வருஷம் வந்த வேறொரு பூட்டுக்குப் பேனாகூட வேண்டியிருக்கவில்லை. வட்டைப் போடும்போது ‘ஷிப்ட்’ விசையை அழுத்தினால் போதும் என்று பிரின்ஸ்டன் மாணவர் ஹால்டர்மன் எழுதினார். பூட்டுக் கம்பெனி வழக்குத் தொடுப்பதாகச் சீறி, மறுநாளே பின்வாங்கிற்று. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் வட்டுகளில் வைத்த மென்பொருளோ, வாங்கியவர் அறியாமல் அவர் கணினிக்குள் ஒளிந்துகொண்டு, வைரஸ்களுக்கும் மறைவிடம் தந்தது. திருட்டு நகல் வாங்கியவனுக்கு இந்த உபத்திரவம் ஏதுமில்லை. அவன் கேட்டதெல்லாம் பாட்டு, கிடைத்ததும் பாட்டு. இங்கே மலேசியாவிலோ, 2000-ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டமும், அசல் வட்டில் மினுமினுத்த முத்திரையும் இருந்தபோதே பசார் மாலாம் வியாபாரம் அமோகமாக நடந்தது.

கடைசியில் கம்பெனிகளுக்கே விவேகம் பிறந்து, 2007-இல் இஎம்ஐயும், 2009-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை முழுவதும் பூட்டைக் கழற்றின. பாட்டு வாங்கியவனுக்குச் சொந்தமாயிற்றே என்று நாம் பெருமூச்சு விடுவதற்குள், வாங்குகிற வழக்கமே ஒழிந்து, எல்லாம் வாடகை என்றாகி, பூட்டு பழையபடி வந்து குடியேறிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கையில், ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு’ அடுத்த மாதம் முதல் சந்தா உயர்கிறது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதற்கு எந்தப் பூட்டும் கிடையாது. எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.