ஒக்கூர்த் திண்ணையில் வம்சம் துருவும் முறை: ஓர் ஒப்பாய்வு

லினக்ஸ் கணினியில் ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஓர் எண் உண்டு. பெற்றவரின் எண்ணும் அதன் ஜாதகத்திலேயே இருக்கும். ஏதாவதொன்று மெமரியை விழுங்கத் தொடங்கினால், இது யார் பெற்ற பிள்ளை என்று பார்க்க நிர்வாகிகள் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவார்கள்: பெற்றவரைக் கேள், அவரைப் பெற்றவரைக் கேள், எல்லோருக்கும் மூதாதையான 1 வந்ததும் நிறுத்து. இம்முறை யூனிக்ஸோடு பிறந்தது என்பது மூடநம்பிக்கை. சிவகங்கை மாவட்டத்து ஒக்கூருக்கே முன்னுரிமை என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சான்று, ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூறு 279. யானையை வீழ்த்தி ஒருவர் மாய்கிறார், ஆநிரைப் போரில் கணவன் மாய்கிறான், மிஞ்சிய ஒரே மகனைத் தாய் போருக்கு அனுப்புகிறாள். மூன்றே நாள் பதிவு. யானையை வீழ்த்தியவர் அவள் தந்தை என்பார் சிலர், தமையன் என்பார் சிலர். வம்சாவளிச் சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது. (அந்த ஒக்கூர் இதுதானா என்பவர்கள் வேறு கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.)

இரண்டாம் சான்று திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சி. "எந்த ஊரு? எந்தக் கோயிலு? யாரு வீட்டுப் பிள்ளை?" செட்டிநாட்டு நகரத்தாருக்குக் குலம் சொல்லும் கோயில் ஒன்பது, அவற்றுள் இளையாத்தங்குடிக்குள் மட்டும் ஏழு பிரிவு, அதிலொன்று ஒக்கூருடையார். பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயரையே வைப்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். கணினியும் அப்படித்தான், 32,768 என்ற பழைய வரம்பைத் தொட்டால் செத்தவர் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்துவிடும். ஸ்கிரிப்ட் பிறந்த நேரத்தைப் பார்த்துப் பிரித்தறிகிறது, ஆச்சி வீட்டு விலாசத்தைக் கேட்டு. செத்தும் பட்டியலில் நிற்கும் ஸாம்பி ப்ராசஸ், ரேஷன் கார்டில் பெயர் நீக்காத தாத்தா மாதிரி. பெற்றவர் வந்து கணக்கு முடிக்கும்வரை எண்ணை விடாது.

கணினி தோற்பது சுவீகாரத்தில். பெற்ற ப்ராசஸ் முடிந்ததும் அனாதைச் சேயை 1ஆம் எண் எடுத்துக்கொள்ளும். 2012 முதல், இடையில் காப்பாளர் ஒருவர் பதிவாகியிருந்தால் அவர். அந்தக் கணமே பெற்றவரின் பழைய எண் சேயின் ஜாதகத்திலிருந்து அழிந்துவிடும். பிறகு எந்த ஸ்கிரிப்ட் கேட்டாலும் புது வீட்டைத்தான் சொல்லும். உண்மை வேண்டுமானால் முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். ஒக்கூரில் பிள்ளை கூட்டி ஐம்பது வருஷம் ஆனாலும், வந்த வீடு பிறந்த வீடு இரண்டையும் ஆச்சி ஒரே மூச்சில் ஒப்பிப்பார்.

வேகத்திலும் ஆச்சியே முந்துகிறார். ஸ்கிரிப்ட் 1 வரை ஏறியாக வேண்டும். ஆச்சி தெரிந்த முகம் ஒன்று கிடைத்ததும் நிறுத்தி, உள்ளே காபிக்குச் சொல்லிவிட்டு, வந்தவர் பங்காளியா, பெண் கொடுக்கலாமா என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அதற்கு லினக்ஸில் இன்னும் கட்டளை இல்லை.