தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்!

கைபேசித் திரை என் விரலை உணர்கிறதே, அதுவும் தொடு உணர்வுதானே? – தென்காசி

விரல் பட்டால் திரையின் மின்தேக்குத்திறன் மாறும். அதை மட்டும் கவனிக்கிறது. தடவினீர்களா, ஓங்கிக் குத்தினீர்களா, அதற்குக் கவலையில்லை. கம்பளிக் கையுறை போட்டுத் தொடுங்கள், ஆளையே தெரியாது என்றுவிடும்.

நம் விரலில் அப்படி என்ன விசேஷம்? – ஈரோடு

ஒரு கையின் உள்பக்கத்தில் சுமார் 17,000 தொடு உணர் முனைகள். அழுத்தம், வழுக்கல், அதிர்வு, தோல் இழுபடுவது என்று ஆளுக்கொரு இலாகா. 2013-இல் ஸ்வீடனில் சோதித்தார்கள்: 13 நானோமீட்டர் ஆழச் சுருக்கத்தையும் விரல் பிடித்துவிட்டது. முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் ஊர் ஜவுளிக்காரர் தடவியே ரகம் சொல்வது சும்மாவா?

தொடுவதை உணரும் மின்தோலை எப்படிச் செய்கிறார்கள்? – நாகர்கோவில்

2010-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு, ரப்பர் படலத்தில் நுண்ணிய பிரமிடுகளை வார்த்தது. அழுத்தினால் பிரமிடு நசுங்கும், மின்தேக்குத்திறன் ஏறும். இடையில் காற்று இருப்பதால் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். ஈ உட்கார்ந்தாலே தெரிந்தது. மம்மி இல்லாத பிரமிடு, ஆனால் உயிருள்ளது!

செயற்கைக் கைக்கு வலியையும் சேர்க்கிறார்களாமே, வேண்டாத வேலை! – வேலூர்

வேலூர்க்காரர் கேட்கக்கூடாத கேள்வி. உங்கள் ஊர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட், அவர்கள் விரல்கள் தேய்வதற்குக் காரணம் வலி தெரியாமல் படும் காயங்களே என்று காட்டினார்.

பின்னாளில் அமெரிக்காவில், கையுறைக்குள் சென்சார் வைத்துச் செயற்கை வலிக்கு முயன்றார். ஒலி எழுப்பினார், நோயாளிகள் காதில் வாங்கவில்லை. ஷாக் கொடுத்தார், சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நம் தோலில் வலிக்குச் சுவிட்ச் கிடையாது. அதுதான் அதன் மகிமை.

2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு செய்த கை, கூர்மையானதைத் தொட்டதும் தானே கீழே போட்டுவிடும். யாரிடமும் அனுமதி கேட்காது.

மிளகாய்க்கு நோபல் பரிசாமே? – குண்டூரிலிருந்து ஒரு தமிழர்

மிளகாயின் காரப்பொருளை வைத்து டேவிட் ஜூலியஸ் சூட்டு உணர்வியைப் பிடித்தார். அர்டெம் படபூட்டியன் அழுத்த உணர்வியைப் பிடித்தார். 2021 மருத்துவ நோபல் இருவருக்கும். மிளகாய்க்குக் கைதட்டல் மட்டும்.

ரோபோவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்குமா? – தஞ்சாவூர்

உங்களுக்கு நீங்களே மூட்டிப் பாருங்கள், சிரிப்பு வராது. ‘இது என் கைதான்’ என்று மூளை முன்கூட்டியே அடக்கிவிடும். ரோபோவுக்கு முதலில் ‘நான்’ வரட்டும், பிறகு சிரிப்பு.

இத்தனை ஆராய்ச்சி யாருக்கு? – திருப்பூர்

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில், கை இழந்த ஒருவரின் நரம்பில் மின்முனை பொருத்தினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, செயற்கைக் கையால் செர்ரிப் பழத்தை நசுக்காமல் காம்பைக் கிள்ளினார். அவருக்குத்தான். எந்திரத்திடம் கையைப் பறிகொடுத்த நம் ஊர்த் தொழிலாளிக்கும்தான். ரோபோக்கள் வரிசையில் பின்னால் நிற்கட்டும்.