பன்னிரண்டு டிகிரியில் ஒரு பீர்

“எப்படி அத்தான் இருந்துச்சு?” என்று பர்மிங்ஹாமிலிருந்து மச்சினன் இன்று காலையிலும் கேட்டிருக்கிறான். போன மாதம் வந்தவன், பெட்டியில் துண்டுக்குள் சுற்றி ஒரு கேன் இங்கிலீஷ் ஏல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நேற்று இரவு திறந்தேன். எப்படி இருந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் இந்த டிகிரி விவகாரத்தைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

கேனின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் பருகவும். எங்கள் ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் மொத்தமே இரண்டு டிகிரிதான் உண்டு. பிரிட்ஜுக்கு உள்ளே நான்கு, வெளியே நாற்பது. ஷாபூர் நகரில் எந்த வைன்ஸ் முன்னால் போய் நின்றாலும் ஒரே கேள்விதான்: “கூலிங் உந்தா?” உண்டு என்பார்கள், இல்லை என்பார்கள். “பன்னிரண்டில் உண்டா?” என்று கேட்டால் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் இருப்பவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இங்கிலாந்தில் பப்புக்கு அடியில் நிலவறை இருக்கும். பீப்பாய் அங்கேயே கிடந்து அந்தக் குளிர்ச்சிக்கு வந்துவிடும். எங்கள் அபார்ட்மெண்டுக்கு அடியில் இருப்பது பைக் பார்க்கிங்கும் போர் மோட்டாரும்தான். சரி, பிரிட்ஜில் வைத்து எடுத்து, வெளியில் கொஞ்ச நேரம் விடலாம். எவ்வளவு நேரம்? வீட்டில் இருக்கும் ஒரே தெர்மாமீட்டர் காய்ச்சல் பார்ப்பது. கேனில் வைத்தால் ‘லோ’ என்கிறது. ஆசாமி செத்துவிட்டான் என்று அர்த்தம். காய்கறி டிரேயில் வைத்தால் சரியாக வருமோ என்று அங்கே மாற்றினேன். “என்னங்க, கொத்தமல்லிக்கு நடுவுல இது எதுக்கு?” என்று உள்ளிருந்து குரல். ஈரத்துணி சுற்றி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். சில ஜனவரி விடியற்காலைகளில் எங்கள் மொட்டை மாடியே தானாகப் பன்னிரண்டுக்கு இறங்கும். அதற்காகக் காத்திருந்து, காலை நாலு மணிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு பீர் குடிக்க எனக்கு என்ன தலையெழுத்தா?

மாடிவீட்டு ரெட்டி காருவைக் கூப்பிட்டேன். மருந்து கம்பெனியில் க்யூசி பார்க்கிறவர். “பீருக்கி தெர்மாமீட்டரா அண்டி?” என்று ஒருமுறை சிரித்தார். ஆனால் லேப் தெர்மாமீட்டரைக் கேலிப்ரேஷன் சர்டிபிகேட்டோடு கொண்டுவந்தார். ஒன்பது. கொஞ்சம் பேசினோம். பதினாறு. திரும்ப உள்ளே. எட்டு. பன்னிரண்டு என்பது அந்த ஏணியில் இருக்கவே இல்லை.

ஐஸ் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைகள் இந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். பாஸ்டனிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு ஐஸ் வந்தது 1833இல். சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டியது 1842இல். அதுவரை தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்து, அந்தக் குளிர்ச்சியில் பாட்டிலை உருட்டிக்கொண்டே இருக்க ஆப்தார் என்று தனியாக ஒரு ஆள். ரெட்டி காரு முகம் மலர்ந்துவிட்டது. இது இண்டஸ்ட்ரியல் ஏரியா, உப்பு வகையறாவுக்கா பஞ்சம்? சமையலறை வாசலில் வந்து நின்ற ஒரு பார்வையால் அந்த ஆராய்ச்சி நின்றது.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் எங்கே என்றால், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டன் போ பகுதியிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவர் அனுப்பிய பீர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இரண்டு தடவை தாண்டி, மாதக்கணக்கில் மரப்பீப்பாயில் குலுங்கி மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. வழியிலேயே பக்குவப்பட்டு ருசி கூடியது என்று கொண்டாடிக் குடித்தார்கள். எங்கள் பக்கத்து பொலாரத்திலும், 1806இல் உண்டான செகந்திராபாத் கண்டோன்மெண்டிலும் இருந்த சோல்ஜர்கள் டிகிரி பார்த்தா குடித்தார்கள்? இதுவோ ஒரே ராத்திரியில் விமானத்தில் வந்து இறங்கிவிட்டுச் சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொள்கிறது. இத்தனைக்கும் அந்த நாட்டிலேயே 1971இல் காம்ரா என்று ஒரு சங்கம் ஆரம்பித்து, பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு நொதித்து அதிலிருந்தே வருவதுதான் உண்மையான ஏல் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கணக்கில், வடிகட்டி அடைத்த என் கேன் உண்மையான ஏலே இல்லை. அதற்கு எதற்கு இத்தனை டிகிரி?

வாசனைக்கு வருகிறேன். டிரெண்ட் நதிக்கரையில் பர்ட்டன் என்று ஓர் ஊர். 1777இல் பாஸ் கம்பெனி தொடங்கியது அங்கேதான். கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம் என்பதால் அந்த ஊர் ஏலில் லேசாகக் கந்தக வாடை வரும். ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை அனுபவிப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீர் மாதிரி வர வேண்டும் என்று காசு கொடுத்து ஜிப்சம் வாங்கிக் கலக்கிறார்கள். ஜீடிமெட்லாவில் இரவு பதினொரு மணிக்குமேல் காற்று திரும்பினால் இதெல்லாம் இலவசம். அவர்கள் கண்ணை மூடுகிறார்கள், நாங்கள் ஜன்னலை மூடுகிறோம். நேற்று கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, “கேரமல், கொஞ்சம் பிஸ்கட்” என்று நான் வழக்கம்போலத் தொடங்கும்போதே காற்று திரும்பிவிட்டது. கிளாஸிலிருந்து வருவது எது, ஜன்னலிலிருந்து வருவது எது என்று ரெட்டி காருவாலேயே சொல்ல முடியவில்லை. அதுதான் அவருடைய உத்தியோகம்.

இந்த அமளியில் கேன் இருபத்தைந்து டிகிரிக்கு வந்திருந்தது. தொட்டுக்கொள்ள வைத்திருந்த மசாலா வேர்க்கடலை மட்டும் பிரமாதம். மச்சினனுக்கு ‘சூப்பர்’ என்று பதில் போட்டுவிட்டேன். நீங்களும் அதைத்தானே போட்டிருப்பீர்கள்?

வெளிநாட்டிலிருந்து வருகிற மற்ற மச்சினன்மார்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். வரி கட்டாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரக் கஸ்டம்ஸ் அனுமதிக்கிறது. அரை லிட்டர் கேன் நாலு வைத்தால் அது தீர்ந்துபோகும், அதுவும் நாலு சதவீதச் சரக்குக்காக. அந்த இரண்டு லிட்டருக்கும் ஸ்காட்ச் கொண்டுவாருங்கள். அதன் முதுகில் எந்த டிகிரியும் போட்டிருக்காது.