வதந்திப் பயிற்றுநர்: மந்தின் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியத் தேசியக் காற்பந்துக் குழுவுக்குப் புதிய பயிற்றுநர் வரப்போகிறார் என்ற பேச்சு கிளம்பினால், சிரம்பானுக்கு வடக்கே இருக்கும் மந்தின் ஒட்டுக்கடைகளில் தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள் நான்கு வகை எதிர்வினைகள் எழுகின்றன. முதலாவது, "யாரு லா இவன்?" என்னும் விசாரணை வகை. இரண்டாவது, "உள்ளூர்ல ஆளே இல்லையா?" என்னும் சுதேசி வகை. 2021-இல் நெகிரி செம்பிலானைச் சூப்பர் லீக்குக்கு ஏற்றிவிட்ட கே. தேவனை நினைத்து, "நம்ம தேவனப் போட்டா என்ன?" என்று கேட்பது இதன் மாநிலக் கிளை. மூன்றாவது, "எனக்கு அப்பவே தெரியும்" என்னும் தீர்க்கதரிசன வகை. நான்காவது, "எவன் வந்தா என்ன, ஆடப்போறது அதே பசங்கதானே" என்னும் வேதாந்த வகை. இந்த நான்கும் பயிற்றுநரைப் பற்றிய கருத்துகள் என்பதே பொது நம்பிக்கை. அது பிழை. வதந்தி உலவும் நாள்களில் மட்டும் ரசிகர் தேர்வுக்குழு உறுப்பினர் ஆகிவிடுகிறார். எதிர்வினை என்பது அந்தப் பதவியில் அவர் ஆற்றும் கடமை. வரப்போகிறவர் யார் என்பது அந்தக் கடமைக்கு இடையூறே தவிர உதவி அல்ல.

இதை மறுப்பவர்கள், ரசிகர் பயிற்றுநரின் பழைய சாதனைகளை அலசித்தானே பேசுகிறார் என்பார்கள். அலசுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்த அலசலுக்கும் ஆட்டக்களத்துக்கும் உறவு உண்டா? போர்த்துகல்காரரான நெலோ விங்காடா 1996-இல் சவூதி அரேபியாவை ஆசியக் கிண்ண வெற்றியாளராக்கியவர். அந்த ஒரு வரியே போதும், எந்தக் கடையிலும் அவருக்கு ஒருமனதாக வேலை கிடைத்துவிடும். 2017-இல் மலேசியாவுக்கு வந்த அவர், ஒரு வெற்றியைக்கூடப் பாராமல் அதே ஆண்டில் விடைபெற்றார். மறுபக்கம், 2022-இல் நியமிக்கப்பட்ட தென் கொரியர் கிம் பான் கோன். 2009 கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஹாங்காங் தங்கம் வென்றபோது பயிற்றுநர் அவர்தான். ஆனால் ஹாங்காங்கின் தங்கம் மந்தினில் அடகு பிடிக்கப்படுகிற தங்கம் அல்ல. அவர்தான் 1980-க்குப் பிறகு முதல்முறையாக, போட்டியை ஏற்று நடத்தும் சலுகை இல்லாமல், மலேசியாவை ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார். 2024 ஜனவரியில் தம் சொந்த நாட்டையே 3-3 என்று சமநிலையில் நிறுத்தினார். ஆக, பழைய சாதனை என்பது பேச்சுக்கான மூலப்பொருளே ஒழிய, முடிவுக்கான சான்று ஆகாது.

உள்ளூரா, வெளிநாடா என்பதில் ரசிகருக்கு உறுதியான கொள்கை உண்டு என்பது அடுத்த ஆட்சேபம். கொள்கை உண்டுதான், ஆனால் அது போனவரின் கடைசித் தோல்வியிலிருந்து பிறப்பது. கே. ராஜகோபால் 2009 சீ விளையாட்டில் தங்கமும் 2010-இல் சுசுகி கிண்ணமும் வென்று தந்தபோது, உள்ளூர்க்காரரால் மட்டுமே முடியும் என்பது வேதவாக்கு. 2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 10-0 என்று தோற்று டோல்லா சாலே விலகியபோது, வெளிநாட்டவரைத் தவிர வேறு வழியில்லை என்பதே வேதவாக்கு. விங்காடாவுக்குப் பின் உள்ளூர்க்காரரான தான் செங் ஹோ வந்தார். அவருக்குப் பின் மறுபடி வெளிநாட்டவர். காற்பந்துச் சங்கமும் ரசிகரும் இந்த விஷயத்தில் ஒரே திசையில்தான் சாய்கிறார்கள். ரசிகர் ஒரு தே தாரிக் முன்னதாகச் சாய்கிறார், அவ்வளவே.

இனி வலுவான சான்றுக்கு வருவோம். எதிர்வினைக்குப் பயிற்றுநர் தேவையில்லை என்றால், ஆளே இல்லாத வதந்திக்கும் அது எழ வேண்டும். எழுந்தது, இந்தியாவில். 2025 ஜூலையில், தேசியக் குழுவின் பயிற்றுநர் பொறுப்புக்கு ஸ்பெயினின் சாவி ஹெர்னாண்டஸ் விண்ணப்பித்திருக்கிறார் என்ற செய்தி பரவியது. கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றதும் நாடே கொதித்தது. சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. பிறகு, சாவி பெயரிலும் பெப் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் மெய்யானவை அல்ல என்று இந்தியக் காற்பந்துச் சம்மேளனமே அறிவித்தது. வேலூரில் படிக்கும் ஒரு மாணவரின் கைவரிசை அது என்றும் செய்திகள் வந்தன. ஆகஸ்டு மாதம் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். இந்தியப் பயிற்றுநர்கள் வரிசையில் ஒரு ஆட்டத்திலும் தோற்காதவர், ஒரு வீரரையும் தவறாக மாற்றாதவர் சாவி ஒருவர்தான். ஒரு மாணவரும் ஒரு மின்னஞ்சலும் இருந்தால் ஒரு தேசத்தையே தேர்வுக்குழுவாக்கிவிடலாம் என்பது இதனால் பெறப்படும்.

இந்தப் பழக்கத்தின் வேர் காற்பந்துக்கு முந்தியது. கித்தாத் தோட்டங்களில் புதுத் துரை வருகிறார் என்ற பேச்சு எழும்போதும் பெரட்டுக்களத்தில் இதே விசாரணைதான் நடந்தது: முந்தின தோட்டத்தில் எப்படி இருந்தார், தமிழ் பேசுவாரா, கிராணி சொல்வதைக் கேட்பாரா, மண்டோரை அடக்குவாரா. எந்தத் துரை வந்தாலும் வெட்ட வேண்டிய மரங்கள் குறையவில்லை. நாள் சம்பளத்தை அவர் தனியாக உயர்த்திவிடவும் இல்லை. பேசியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். நியமனத்தில் தங்களுக்கு வாக்கு இல்லை என்பதனால்தான் பேசினார்கள். துரை வந்து இறங்கிய நாளில் அவர் வெறும் துரை. வருகிறார் என்ற நாள்களில் மட்டுமே அவர் தோட்டத்து மக்களின் தீர்ப்புக்கு உட்பட்டவர். இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, பெரட்டு ஒட்டுக்கடைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வாக்கில்லாதவரின் வாக்குரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் வீண்பேச்சு, அறிவிப்பு வந்ததும் அடங்கிவிடும் என்று சிலர் சொல்வது எங்கள் முடிபுக்கே வலுச் சேர்க்கிறது. 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியர் பீட்டர் கிளாமோவ்ஸ்கியின் பெயர் அறிவிக்கப்பட்ட கணமே நாடெங்கும் இருந்த தேர்வுக்குழுக்கள் ஊதியமோ நன்றிக் கடிதமோ இல்லாமல் கலைக்கப்பட்டன. ஆகவே மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இடம் காலியானால் அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம். சில வாரங்களாவது மூன்று நான்கு பெயர்களைக் கசியவிடுங்கள். குழு ஜெயிக்குமா என்பது எப்போதும் சந்தேகத்துக்கு உரியது. அந்தச் சில வாரங்களில் ரசிகர் தோற்பதில்லை என்பது உறுதி.