ஆயிரத்துக்குக் குறைந்து கிடையாது

விசிட்டிங் கார்டை ஆயிரத்துக்குக் குறைந்து அடித்தால் கட்டுப்படியாகாது. சிவகாசியில் பல பேர் கார்டை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுகிறார்கள். நூறு போதும் என்பவருக்காக மெஷினைத் தனியாக ஓட்ட முடியாது. அதனால் புதுக்கோட்டையில் புதிதாகக் கடை போடும் எவரும், தெரிந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர்தான் என்றாலும், ஆயிரம் கார்டோடு வீட்டுக்குப் போகிறார். மிச்சம் 960 பேரை அவர் எங்கேயாவது தேடிப் பிடித்தாக வேண்டும். நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங் என்கிறார்களே, அதைக் கண்டுபிடித்தது மேலாண்மை அறிஞர்கள் என்று நான் நம்பவில்லை. எங்களைப் போன்ற அச்சகக்காரர்கள்தான்.

இந்தத் தொழிலில் தலை நரைத்ததால் கார்டை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மேட் லேமினேஷன், ஸ்பாட் யூவி, ரவுண்ட் கார்னர் மூன்றையும் கேட்பவர் இன்னும் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்க மாட்டார். ரியல் எஸ்டேட், திருமணத் தகவல், பழைய கார், இன்சூரன்ஸ், ஜோதிடம் எல்லாவற்றையும் மூன்றரை அங்குலத்துக்குள் ஏற்றச் சொல்பவர் எனக்கு பாக்கி வைப்பார். சிகரெட் அட்டையைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுப்பவருக்கு இரண்டு அரிசி ஆலை இருக்கும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் திருச்சியில் நடக்கும் காலைக் கூட்டம் ஒன்றுக்கு என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். எல்லாரும் தொழில்காரர்கள், ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுப்பார்கள், நான் சேர்ந்தால் அச்சு வேலை முழுக்க எனக்குத்தான் என்றார். கூட்டம் காலை ஏழு மணிக்கு. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பால்காரர் வருவதற்கு முன்பே ஷூ போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டாள் மனைவி.

அங்கே ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். அதனால் தொழிலே பெயராகிவிடுகிறது. "சோலார், சட்னியை இந்தப் பக்கம் தள்ளுங்க." "மாடுலர் கிச்சன் இன்னைக்கு வரலியா?" ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்லி, எந்த மாதிரி வாடிக்கையாளர் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். நிமிடம் முடிந்தால் மணி. பல் டாக்டர் நிதானமான மனிதர். வணக்கம் சொல்லி, படித்த கல்லூரியைச் சொல்லி, "பல் வலியால் அவதிப்படும்" என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு சீட்டு வாசிப்பு. போன வாரம் யாருக்கு என்ன வியாபாரம் காட்டிவிட்டோம் என்று எழுதி வந்து படிக்க வேண்டும். வெறுங்கையோடு எழுந்து நிற்பது அங்கே பெரிய மானக்கேடு. ஆடிட்டர் பாவம், வேறு வழியில்லாமல் தன் மச்சினர் மகனுக்குப் பால் பல் ஆடுகிறது என்று எழுதி டாக்டரிடம் நீட்டினார். அந்தப் பல் க்ளினிக் போகும் வழியில் ஆட்டோவிலேயே விழுந்துவிட்டதாம். அதை வியாபாரமாகக் கணக்கில் ஏற்றலாமா கூடாதா என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்தது.

நானும் மெம்பராகச் சேர்ந்துவிட்டேன். எனக்குப் பக்கத்து நாற்காலி இன்சூரன்ஸ். கை கொடுத்த கையோடு பிறந்த தேதியைக் கேட்டார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் விடிகாலையில் வாழ்த்து வந்துவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாத தேதி என்பதால் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

இப்படித் தொழிலுக்கு ஒருவராகக் கூடும் ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்கடை முதலாளி மூவரோடும் உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் ரோட்டரி. பெரிய நகரத்தில் சொந்த ஊர்க்காரர்போல் பழக ஆள் வேண்டும் என்பது அவருடைய ஏக்கம். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். அங்கேயும் தொழிலுக்கு ஒருவர்தான். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்து வைக்கவும் ஆரம்பத்தில் ஆள் போட்டிருந்தார்களாம். ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர் ஹாரி ரக்கிள்ஸ், அச்சகக்காரர். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாலு பேர் கூடிவிட்டால் லெட்டர்ஹெட் தேவைப்படுமே! ஆனால் ரக்கிள்ஸ் செய்த காரியம் வேறு. கூட்டத்தில் எல்லாரையும் சேர்ந்து பாட வைத்தார். மணி அடிப்பதைவிட எவ்வளவோ மேல். 1907 வாக்கில் அவர்கள் சிகாகோ நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அலைய ஆரம்பித்திருந்தார்கள். மனிதர்களைச் சேர்த்து வைப்பதற்கு வியாபாரத்தைவிட அந்த அவசரம் நம்பகமானது என்று தோன்றுகிறது.

எங்கள் பக்கத்து ஆள் எவருக்கும் கொடுத்து வாங்கும் இந்தக் கணக்கை சிகாகோக்காரர் சொல்லித் தர வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து போடுவார்கள். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு நோட்டு. பத்திரிகையும் நோட்டும் அடித்துக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீது கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. உங்களுக்கு ஐயாயிரம் செய்தவருக்கு நீங்கள் ஐயாயிரத்தையே திருப்பிச் செய்தால் கணக்கு தீர்ந்தது, உறவும் ஏறத்தாழ தீர்ந்தது. அதற்கு மேல் கொஞ்சம் போட்டால், மேலே போட்டது அவர் தலையில் கடனாக ஏறும். அவர் பிறகு உங்களைத் தேடி வந்தாக வேண்டும். பாக்கி இருக்கிறவரைக்கும் பழக்கம் இருக்கும். திருச்சிக் கூட்டத்திலோ இட்லி ஆறுவதற்குள் மொய் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு ஆராய்ச்சியை எடுத்து நீட்டினாள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973இல் எழுதியது. பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களைக் கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் சேதி கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். 27.8 சதவீதம் பேருக்கு அது வந்தது, வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது அதற்கும் குறைவாகப் பார்க்கிற ஆளிடமிருந்து. மிச்சம் பேருக்கு அவ்வப்போது பார்ப்பவர் மூலம். கூடவே இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும், எப்போதாவது பார்க்கிறவர்தான் வேறு ஊர்ச் சேதி கொண்டுவருவார் என்பது அவர் சொல்லும் காரணம். ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை என்று நாம் குறையாகச் சொல்கிறவர்களைப் பற்றி ஒருவர் இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து நோட்டு ஆர்டர் வந்ததும், ஆடி விருந்தில் எலும்பைக் கடித்தபடி "இன்னும் அச்சாபீஸ்தானா?" என்று விசாரித்த தூரத்துச் சொந்தத்தால்தான்.

ஆனால் தினமும் பார்க்கும் ஒருவர் விஷயத்தில் அந்த அறிஞர் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை. எதிர்ச்சாரி அச்சகத்து அண்ணன். நாற்பது அடி ரோடு எங்களைப் பிரிக்கிறது. நான் ஒரு ரேட் சொன்னால் அவர் பத்து ரூபாய் குறைப்பார், அவர் சொன்னால் நான். "அந்தாளுகிட்ட போனீங்கன்னா கலர் மங்கிடும்" என்று என்னைப் பற்றிச் சொல்வார். நானும் அவரைப் பற்றி அதையேதான் சொல்கிறேன். முகூர்த்தம் நெருங்கிய ஒரு ராத்திரி என் கட்டிங் மெஷினில் கத்தி மழுங்கி, ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை ஓரம் பிசிறு பிசிறாக நின்றது. ஒன்றும் கேட்காமல் அவர் ஷட்டரைத் தூக்கினார். வெட்டிக் கொடுத்துவிட்டு, "டிசைன் கண்றாவியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். கூலி வாங்கவில்லை. அவருக்குக் கரன்ட் போனபோது என் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் ரோட்டைத் தாண்டிப் போனது. மையில் ஒரு டப்பா, பேப்பரில் ஒரு ரீம், அவசரத்துக்கு ஒரு ஆள் என்று இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. யார் யாருக்குப் பாக்கி என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவரிடம் என் கார்டு இல்லை, என்னிடம் அவர் கார்டு இல்லை.

போன மாதம் அவர் கடைப் பையன் வந்து நின்றான். "அண்ணே, 300 ஜி.எஸ்.எம். போர்டு ஒரு கட்டு கேட்டாரு. திருச்சியில ஏதோ காலைக் கூட்டமாம், எல்லாருக்கும் புது கார்டு, பேனர், பேட்ஜ் எல்லாம் எங்களுக்கு ஆர்டர் வந்திருக்கு."

"அங்க மெம்பர் நான்தானேடா!"

"தெரியும்ணே. எங்க ரேட்டு பத்து ரூபா கம்மின்னு வந்தாங்க."

போர்டை எடுத்துக் கொடுத்தேன். பையன் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான்.

"ரவுண்ட் கார்னர் மெஷின் நம்மகிட்டதானே இருக்கு? சாயங்காலம் வர்றோம்ணே."